டிஸ்ட்ரிபியூட்டர் மாற்றிய பிறகு படகு எஞ்சினுக்கு டைமிங் வைப்பது எப்படி?

புது டிஸ்ட்ரிபியூட்டரை (ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைப்படி மின்சாரத்தைப் பங்கிடும் கருவி) இறக்கியாயிற்று, போல்ட்டையும் முறுக்கியாயிற்று. செல்ஃப் அடித்தால் எஞ்சின் சுற்றுகிறது, ஆனால் பிடிக்க மாட்டேன் என்கிறது. நடுவில் கார்புரேட்டர் வழியாக ‘டப்’ என்று ஒரு வெடிச் சத்தம் வேறு. முதல் முறை செய்கிறவர்கள் பெரும்பாலும் வந்து நிற்கிற இடம் இதுதான். டைமிங் என்பது பொறி விழும் நேரம். பொறி விழும்போதெல்லாம் வெட்டி அடித்து அதைக் காட்டும் டைமிங் லைட்டைக் கையில் எடுப்பதற்கு முன்பே இந்த வேலையில் முக்கால்வாசி முடிந்திருக்க வேண்டும். அது சரியாக இருந்தால் லைட் போட்டுப் பார்ப்பது பத்து நிமிடம்தான்.

நான் சொல்வது பெட்ரோலில் ஓடும், கார்புரேட்டர் வைத்த, படகுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் எஞ்சினுக்கு. டீசலில் ஸ்பார்க்கே கிடையாது என்பதால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கார் டிஸ்ட்ரிபியூட்டரைப் போட வேண்டாம்

பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும், விலையும் குறைவாக இருக்கும். ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. காரில் அது தரையோடு கலைந்து போய்விடும். படகில் அடித்தளத்திலேயே தேங்கி நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் எப்போதும் தீப்பொறி பறந்துகொண்டே இருக்கிறது. படகுக்கென்று செய்த டிஸ்ட்ரிபியூட்டரில் காற்றுத் துளைகளுக்கு நுண்ணிய வலை இருக்கும், உள்ளே ஆவி பற்றினாலும் நெருப்பு வெளியே வராது. இதே காரணத்துக்காகத்தான் ஒவ்வொரு முறை செல்ஃப் அடிப்பதற்கு முன்பும் ஆவியை வெளியே இழுக்கும் ப்ளோயரை 4 நிமிடமாவது ஓடவிட்டு, குனிந்து மோந்தும் பார்க்க வேண்டும்.

டாப் பிடிப்பது

டாப் என்பது பிஸ்டன் சிலிண்டரின் உச்சியில் நிற்கும் நிலை. கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இது. கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால்தான் டிஸ்ட்ரிபியூட்டர் ஒரு சுற்று சுற்றும். அதாவது, கிராங்க் ஷாஃப்ட் முனையிலுள்ள புல்லியில் இருக்கும் டைமிங் கோடு, எஞ்சினில் அசையாமல் இருக்கும் முள்ளுக்கு நேரே இரண்டு தடவை வரும். ஒரு தடவை முதல் சிலிண்டர் காற்றை அழுத்தி முடித்திருக்கும், இன்னொரு தடவை புகையை வெளியே தள்ளி முடித்திருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது. கோட்டைப் பார்த்து மட்டும் இதைச் சொல்லவே முடியாது.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, எல்லா ஸ்பார்க் பிளக்கையும் எடுத்துவிடுங்கள். முதல் சிலிண்டரின் பிளக் துளையை விரலால் நன்றாக அடைத்துக்கொண்டு, இன்னொருவரை விட்டு கிராங்க் போல்ட்டை நீளமான கைப்பிடி போட்ட ஸ்பேனரால் எஞ்சின் ஓடும் திசையில் மெல்லச் சுற்றச் சொல்லுங்கள். புகை தள்ளும் முறையில் விரலுக்கு ஒன்றும் தெரியாது. கம்ப்ரஷன் வரும்போது காற்று விரலைப் பிதுக்கித் தள்ளும், ‘புஸ்’ என்று கேட்கும். அதற்கு அடுத்து வரும் கோடுதான் நம் கோடு.

கோட்டைப் பூஜ்யத்தில் நிறுத்துவதைவிட, எஞ்சின் கையேட்டில் கொடுத்திருக்கும் டிகிரியில் நிறுத்துவது நல்லது. பல வி8 படகு எஞ்சின்களில் இது டாப்புக்கு 8 அல்லது 10 டிகிரி முன்னால் இருக்கும். பெட்ரோல் எரிய நேரம் எடுக்கும், அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். கோட்டைத் தாண்டிவிட்டால் பின்னோக்கிச் சுற்றாதீர்கள், தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (இதழ்ச் சக்கரம்) எதிர்ப்பக்கம் மடங்கும். பொறுமையாக இன்னும் இரண்டு சுற்று முன்னோக்கியே வாருங்கள்.

நான் முதல் தடவை விரல் வைத்துப் பார்க்கவில்லை. கோடு நேராக நிற்கிறதே, போதும் என்று நினைத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க செல்ஃப் அடித்து பேட்டரியைக் காலி செய்ததுதான் மிச்சம். சரியாக அரைச் சுற்று, 180 டிகிரி தப்பு. அப்படி மாறிப்போனால் இன்டேக் வால்வு திறக்க ஆரம்பிக்கிற நேரத்தில் பொறி விழும். கார்புரேட்டரில் கேட்கிற அந்த ‘டப்’ அதனால்தான். எனவே கார்புரேட்டர் மேல் இருக்கும் ஃப்ளேம் அரெஸ்டரைக் (நெருப்பு வெளியே வராமல் தடுக்கும் மூடி) கழற்றி வைத்துவிட்டு ஒருபோதும் செல்ஃப் அடிக்காதீர்கள்.

டிஸ்ட்ரிபியூட்டரை இறக்குவது

கேப்பில் (டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி) 1 என்ற இடம் எங்கே வருகிறதோ, அதற்கு நேர்கீழே டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பில் மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். எல்லாம் முடிந்து உட்காரும்போது ரோட்டரின் (கேப்புக்குள் சுற்றும் கை) முனை அந்தக் கோட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் அடியில் இருக்கும் பல்சக்கரம் சாய்வாக வெட்டியது. இறங்கும்போதே ரோட்டர் கொஞ்சம் திரும்பிவிடும். ஒரு முறை இறக்கிப் பார்த்து எவ்வளவு திரும்புகிறது என்று கவனித்துக்கொண்டு, அடுத்த முறை அந்த அளவுக்கு முன்னதாகவே வைத்து இறக்குங்கள்.

கடைசி அரை அங்குலம் இறங்காமல் நின்றால், பெரும்பாலும் கீழே ஆயில் பம்ப் ஷாஃப்ட்டின் காடி பொருந்தவில்லை என்று அர்த்தம். நீளமான ஸ்க்ரூடிரைவரால் அதைச் சற்றுத் திருப்பிவிட்டு மறுபடி இறக்குங்கள். டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்து வைக்கும் கிளாம்ப் போல்ட்டை முறுக்கி இழுத்து உட்கார வைக்கலாம் என்று மட்டும் நினைக்கக் கூடாது, உடைந்துவிடும். உட்கார்ந்த பிறகு கையால் திருப்பினால் இறுக்கமாகத் திரும்பும் அளவுக்கு மட்டும் போல்ட்டைப் பிடித்து வையுங்கள்.

பிளாட்டின பாயின்ட் (திறந்து மூடிப் பொறியை உண்டாக்கும் தொடுமுனை) இருக்கும் பழைய வகை என்றால் அதன் இடைவெளியை இப்போதே சரி செய்துவிடுங்கள். பின்னால் அதைத் தொட்டால் டைமிங்கும் சேர்ந்து நகரும்.

அப்புறம் பிளக் வயர்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வி8 என்றால் ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரியும் வரிசை) 1-8-4-3-6-5-7-2, ரோட்டர் கடிகாரத் திசையில் சுற்றும். ஃபோர்டு 302 என்றால் 1-5-4-2-6-3-7-8, எதிர்த்திசையில் சுற்றும். இரட்டை எஞ்சின் படகுகளில் ஒன்று மற்றதற்கு எதிராகச் சுற்றுவதாக இருக்கலாம், அப்போது வரிசையே மாறும். உங்கள் எஞ்சின் எது என்று கையேட்டில் பார்த்துவிட்டு மாட்டுங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சினில் 5-உம் 7-உம் பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்கள், அடுத்தடுத்து எரிவதும் அவைதான். அந்த இரண்டு வயர்களும் ஒட்டி உரசிக்கொண்டு போகாமல் பிரித்து வையுங்கள்.

ஸ்டார்ட் செய்து லைட் போடுவது

படகு கரையில் இருந்தால் முதலில் தண்ணீர்க் குழாயை மாட்டித் திறந்துவிட்டுத்தான் சாவியைத் தொட வேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் இம்பெல்லர் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. படகு தண்ணீரிலேயே இருந்து, எஞ்சின் பிடிக்காமல் நீண்ட நேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தால் வேறொரு ஆபத்து உண்டு. பம்ப் தள்ளும் தண்ணீர் சைலன்சரில் நிறைந்து சிலிண்டருக்கே திரும்பி வரலாம். அந்த நேரத்தில் தண்ணீர் வால்வை மூடி வைத்து, எஞ்சின் பிடித்த கையோடு திறந்துவிடுங்கள்.

எஞ்சின் சூடாகி, கையேடு சொல்லும் ஐட்லிங் வேகத்தில் ஓடட்டும். வேகம் அதிகமாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் டைமிங்கை ஏற்கெனவே முன்னால் தள்ளியிருக்கும், நீங்கள் பார்ப்பது பொய்யான எண். சில எலக்ட்ரானிக் இக்னிஷன்களில் ஒரு குறிப்பிட்ட வயரை எர்த் செய்தால்தான் அடிப்படை டைமிங் தெரியும். அதையும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

டைமிங் லைட்டின் கிளிப்பை முதல் பிளக் வயரில், அதன் அம்புக்குறி பிளக்கைப் பார்க்கும்படி மாட்டுங்கள். புல்லியில் உள்ள கோட்டில் முன்கூட்டியே வெள்ளை பெயின்ட் தடவி வைத்திருந்தால் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும். ஒரு எச்சரிக்கை: லைட் வெட்டி வெட்டி அடிப்பதால், சுற்றுகிற புல்லி அசையாமல் நிற்பது போலவே தெரியும். கை தானாக அந்தப் பக்கம் போகும். சட்டைக் கை, தலைமுடி, லைட்டின் வயர் எல்லாவற்றையும் பெல்ட்டிலிருந்து தள்ளி வையுங்கள்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை அளவுதான் திருப்ப வேண்டும். அது 1 டிகிரி திரும்பினால் புல்லியில் 2 டிகிரி மாறும். ரோட்டர் சுற்றும் திசைக்கு எதிராகத் திருப்பினால் டைமிங் முன்னால் போகும், அதே திசையில் திருப்பினால் பின்னால் வரும். எண் வந்ததும் போல்ட்டை முறுக்கிவிட்டு மறுபடியும் லைட் அடித்துப் பாருங்கள். முறுக்கும்போதே அது நகர்ந்திருக்கும், எனக்குப் பாதி நேரம் அப்படித்தான் ஆகிறது.

அடுத்து ஆக்சிலரேட்டரை மெல்ல ஏற்றுங்கள். கோடு சீராக விலகிப் போய், வேகம் குறையும்போது பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். நகரவே இல்லையென்றால் புதிய டிஸ்ட்ரிபியூட்டராகவே இருந்தாலும் உள்ளே எடைகள் மாட்டிக்கொண்டிருக்கின்றன. இங்கும் அங்கும் துள்ளினால் டைமிங் செயின் தளர்ந்திருக்கலாம். எண்ணெல்லாம் சரியாக இருந்தும் எஞ்சின் சோம்பலாக ஓடினால் புல்லியையே சந்தேகப்படுங்கள். அதன் வெளி வளையம் நடுவில் இருக்கும் ரப்பரில் வழுக்கி, கோடு இடம் மாறியிருக்கக்கூடும்.

காதால் கேட்டே டைமிங் வைக்கிறவர்கள் உண்டு. காரில் அது ஓரளவு செல்லும். படகு எஞ்சின் ஓடுகிற நேரமெல்லாம் மேடு ஏறுகிற லாரி மாதிரி சுமை இழுத்துக்கொண்டே இருக்கிறது. டைமிங் அதிகம் முன்னால் போய் எஞ்சின் ‘நாக்’ அடித்தால் (உள்ளே பெட்ரோல் கட்டுப்பாடில்லாமல் வெடித்துத் தட்டினால்) எஞ்சின் மூடிக்குள்ளிருந்து அந்தச் சத்தம் நம் காதுக்கு வராது, பிஸ்டன் ஓட்டையான பிறகுதான் தெரியும். ஆகவே லைட் இல்லையென்றால் யாரிடமாவது இரவல் வாங்குங்கள்.

எல்லாம் சரியானதும் டிஸ்ட்ரிபியூட்டர் அடிப்பாகத்தையும் எஞ்சின் பிளாக்கையும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். நடுத் தண்ணீரில் கிளாம்ப் தளர்ந்து திரும்பிவிட்டால், அந்தக் கோட்டை நேராக்கி முறுக்கிக்கொண்டு கரை வந்து சேர்ந்துவிடலாம்.