மேல்மாடியில் நெட் மெதுவா? முதலில் கேபிளைச் செருகிப் பாருங்கள்

நெட் மெதுவாக இருக்கிறது என்றதும் மொரீசியஸில் நாம் எல்லோரும் ரூட்டரை அணைத்துப் போடுவோம், அதுவும் சரிப்படாவிட்டால் இணைப்புக் கம்பெனிக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்போம். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரை ரூட்டர் பக்கத்தில் கொண்டுபோய், லான் கேபிளை நேராகச் செருகி, வைஃபையை அணைத்துவிட்டு நெட் வேகத்தை அளக்கும் ஸ்பீட் டெஸ்ட் ஓட்டுங்கள். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் மட்டும் குறைந்தால் கோளாறு வீட்டுக்குள்தான். கேபிளே பழசாக இருந்தாலோ உள்ளே ஒரு கம்பி விட்டுப்போயிருந்தாலோ வேகம் 100 எம்பிபிஎஸ்சுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும், அதனால் கேட்5இ (Cat5e) ரகம் அல்லது அதற்கு மேல்பட்ட கேபிளாகப் பார்த்து வாங்குங்கள்.

டெஸ்டை மொரீசியஸ் சர்வரில் ஒரு தடவை, சென்னை சர்வரில் ஒரு தடவை ஓட்டுங்கள். உள்ளூரில் பறந்து, வெளியே மட்டும் திணறினால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. தீவிலிருந்து வெளியே போவது பெரும்பாலும் சேஃப், மெட்டிஸ் போன்ற கடலடிக் கேபிள்கள் வழியாகத்தான், அங்கே கோளாறு என்றால் பொறுத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வீட்டுக்குள்தான் கோளாறு என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது சிலாபைத்தான், அதாவது கீழ்வீட்டுக்கும் மேல்வீட்டுக்கும் நடுவில் இருக்கும் கான்கிரீட் தளத்தை. 1960இல் அலிக்ஸ், கரோல் என்று அடுத்தடுத்து வந்த புயல்கள் வீடுகளை வாரிக்கொண்டு போன பிறகு நம் ஊர் கான்கிரீட்டுக்கு மாறியது, அப்பா அம்மா கீழே, கல்யாணம் ஆன பிள்ளை மேலே என்று மாடியும் ஏறியது. புயலைத் தாங்குகிற அந்தக் கம்பி போட்ட சிலாப் வைஃபையையும் தடுக்கிறது. ரூட்டரோ ஃபைபர் நுழைந்த இடத்திலேயே, கீழே டிவிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். வேகமான 5 கிகாஹெர்ட்ஸ் அலை சிலாபைத் தாண்டுவதற்குள் சோர்ந்துவிடும், கம்ப்யூட்டர் தானாகவே மெதுவான 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு இறங்கிவிடும். எதில் இருக்கிறீர்கள் என்பது விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குள் தெரியும்.

2.4 தான் கிடைக்கிறது என்றால் ரூட்டர் செட்டிங்கில் சேனலை, அதாவது அந்த அலைக்குள் இருக்கும் பாதையை, 1, 6, 11 இவற்றில் ஒன்றாக மாற்றிப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லோரும் ஒரே சேனலில் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். மைக்ரோவேவ் ஓடும்போது மட்டும் நின்று போனால் காரணம் அதுதான். டாஸ்க் மேனேஜரில் எந்த புரோகிராம் நெட்டை உறிஞ்சுகிறது என்றும் ஒரு பார்வை பாருங்கள், அப்டேட் ஏதாவது பின்னால் இறங்கிக்கொண்டிருக்கலாம்.

ரூட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுத்து, மாடிப்படி உள்ளே இருந்தால் படிக்கட்டுப் பக்கம், உயரத்தில் வையுங்கள், பாதிப் பேருக்கு இதுவே போதும். வைஃபையை வாங்கித் திரும்ப அனுப்பும் ரிப்பீட்டர் பெட்டியை வாங்க அவசரப்படாதீர்கள், மலிவானவை ஒரே அலையில் வாங்கி அதே அலையில் திருப்பி அனுப்புவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அந்தக் காசுக்கு வெளிச் சுவரில் பிவிசி குழாய் விட்டு ஒரு லான் கேபிளை மேலே ஏற்றி, அதன் முனையில் ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதாவது கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகப் பரப்பும் பெட்டி, வைத்தால் மேல்வீட்டில் 5 கிகாஹெர்ட்ஸ் முழுசாகக் கிடைக்கும், நான் யாருக்கும் சொல்வது இதைத்தான். சுவரில் துளை போடும்போது வெளிப்பக்கம் சரிந்திருக்கும்படி போட்டு சிலிகான் வைத்து நன்றாக அடைத்துவிடுங்கள், புயல் மழை பக்கவாட்டில்தான் அடிக்கும்.