பேஸ் கிட்டாருக்கு வார்ம் டோன்: பெடல் வைத்துக் கெடுத்துக்கொள்ளும் விஷயங்கள்

பேஸ் கிட்டாரில் வார்ம் டோன், அதாவது கதகதப்பான, உருண்டையான ஒலி, வேண்டும் என்று நினைத்ததும் பலர் செய்வது ஒன்றுதான். பேஸ் நாபை (தாழ்ந்த ஒலிக்கான திருகு) முழுக்க ஏற்றுவது, ட்ரெபிளை (உயர்ந்த ஒலியை) முழுக்க இறக்குவது. அதற்குப் பிறகு கேட்பது வார்ம் டோன் இல்லை, பக்கத்துத் தெரு ஒலிபெருக்கியில் இருந்து மிதந்து வருகிற மாதிரி ஒரு மந்தமான 'பொம்'. எந்த ஸ்வரம் வாசிக்கிறீர்கள் என்றே யாருக்கும் தெரியாது. இதில் என்ன தவறு என்று பிடிபட்டுவிட்டால் மற்ற தவறுகளில் பாதியைத் தவிர்த்துவிடலாம், அதனால் இதைக் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நான்கு கம்பி பேஸில் தடித்த ஈ கம்பியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அதன் அடிப்படை அதிர்வெண் சுமார் 41 ஹெர்ட்ஸ். ஏ கம்பி 55, டி 73, ஜி 98. ஆனால் நம் காது அந்த 41 ஹெர்ட்ஸை மட்டும் வைத்து ஸ்வரத்தைப் பிடிப்பதில்லை, அதற்கு மேலே வரிசையாக வரும் 82, 124, 165 என்ற ஹார்மோனிக்ஸை (அடிப்படையின் மடங்குகளாகச் சேர்ந்து ஒலிக்கும் அதிர்வெண்களை) வைத்துத்தான் பெரும்பாலும் பிடிக்கிறது. சின்ன ஸ்பீக்கர் பலவற்றால் 41 ஹெர்ட்ஸை ஒழுங்காகக் கொடுக்கவே முடியாது, ஆனாலும் அதில் பேஸ் கேட்கிறதே, காரணம் இதுதான். நாம் 'வார்ம்' என்று சொல்லும் அந்த உடம்பு ஏறக்குறைய 100 முதல் 400 ஹெர்ட்ஸ் வரைக்குள்தான் இருக்கிறது. அதோடு மீட்டும்போது வரும் முதல் 'டக்' கொஞ்சம் உருண்டையாக இருக்க வேண்டும், கூர்மையாகக் குத்தக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். 50 ஹெர்ட்ஸை ஏற்றினால் உடம்பு வராது, அதிர்வுதான் வரும், ஆம்ப்பும் (ஒலியைப் பெருக்கும் கருவி) அதற்கே சக்தியைச் செலவழித்துத் திணறும்.

கையில் பாஸ் நிறுவனத்தின் ஜிஇபி-7 ஈக்யூ பெடல் (பேஸுக்கும் ஆம்ப்புக்கும் நடுவே வைத்து, அதிர்வெண் வாரியாக ஒலியை ஏற்றி இறக்கும் பெட்டி) இருந்தால் இதை உடனே சோதித்துப் பார்க்கலாம். அதில் 50, 120, 400, 500, 800 ஹெர்ட்ஸ், அப்புறம் 4.5, 10 கிலோஹெர்ட்ஸ் என்று ஏழு ஸ்லைடர்கள். 50-ஐ லேசாகக் கீழே இழுங்கள், 120-ஐக் கொஞ்சம் ஏற்றுங்கள், 400, 500 இரண்டையும் தொடாமல் விடுங்கள், 10 கிலோஹெர்ட்ஸை நன்றாக இறக்கி 4.5-ஐப் பாதி இறக்குங்கள். 50-ஐக் குறைத்தும் டோன் பெரிதாகக் கேட்கும். கிட்டாருக்கான ஜிஇ-7 வைத்திருப்பவர்களுக்கு அந்த வசதி கிடையாது, அதன் கீழ் ஸ்லைடரே 100 ஹெர்ட்ஸில்தான் தொடங்குகிறது, ஆனாலும் 200-ஐக் கொஞ்சம் ஏற்றி 6.4 கிலோஹெர்ட்ஸை இறக்கினால் பாதிக் காரியம் முடிந்துவிடும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: மிட்டை (நடு அதிர்வெண்களை) வெட்டிவிட்டு இரண்டு ஓரங்களையும் ஏற்றுவது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது கேட்கப் பிரமாதமாக இருக்கும், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்த உடனே பேஸ் காணாமல் போய்விடும், கிக் டிரம் கீழ்ப் பக்கத்தை எடுத்துக்கொள்ளும், சிம்பல் மேல் பக்கத்தை எடுத்துக்கொள்ளும், உங்களுக்கென்று இருந்த ஒரே இடமான நடுப்பகுதியை நீங்களே வெட்டிக் கொடுத்துவிட்டீர்கள். வீட்டில் குறைந்த சத்தத்தில் டோன் அமைப்பதால் இன்னொரு சிக்கலும் வருகிறது. சத்தம் குறையக் குறைய நம் காதுக்குக் கீழ் அதிர்வெண்கள் கேட்பது வேகமாகக் குறையும், ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். இரவில் மெதுவாக வைத்துக் கேட்கும்போது 'இன்னும் கொஞ்சம் லோ வேண்டும்' என்று தோன்றுவதும், அதே அமைப்பு மேடையில் அறையையே உலுக்குவதும் இதனால்தான். வீட்டில் அமைப்பது தோராயமாக இருக்கட்டும், கடைசி முடிவை மற்றவர்கள் வாசிக்கும்போது, மேடைச் சத்தத்தில் எடுங்கள். அப்போது கீபோர்ட் வாசிப்பவரின் இடது கை என்ன செய்கிறது என்றும் கவனியுங்கள். அவர் கீழே அடர்த்தியாக கார்டு பிடித்துக்கொண்டிருந்தால் எந்தப் பெடலாலும் உங்கள் டோனைத் தெளிவாக்க முடியாது, அவரிடம் பேசுவதுதான் வழி.

சரி, ஓவர்டிரைவுக்கு, அதாவது சிக்னலை லேசாக உடைத்து உறுமல் சேர்க்கும் பெடலுக்கு வருவோம். வார்ம் டோனுக்கு லேசான டிரைவ் நல்ல வழி, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1960-ல் வந்த ஆம்பெக் பி-15, 1969-ல் வந்த 300 வாட் எஸ்விடி, இந்த டியூப் (வெற்றிடக் குழாய்) ஆம்ப்களின் டோனை ஆட்கள் இன்னும் தேடி அலைவதற்குக் காரணம், டியூப் அதன் எல்லையை நெருங்கும்போது ஒலியின் உச்சியை மெதுவாக அமுக்கி, கூடவே ஹார்மோனிக்ஸையும் சேர்ப்பதுதான். அடிப்படை ஸ்வரம் அப்படியே இருக்கும், மேலே சதை சேரும். பெடலில் இதைக் கொண்டுவர முயலும்போதுதான் வரிசையாகத் தவறுகள்.

முதலாவது, நண்பரிடம் இருக்கும் கிட்டார் பெடலை அப்படியே வாங்கிச் செருகுவது. ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமரையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் சர்க்யூட்டில் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப் போகக் கெயின் (சிக்னலைப் பெருக்கும் அளவு) குறைந்துகொண்டே வரும். கிட்டாருக்கு அது சரியான வடிவமைப்பு, கீழ்ப் பகுதி அதிகமாக டிஸ்டார்ட் ஆனால் (உடைந்தால்) ஒலி கலங்கிவிடும் என்பதால் வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் 24 ஃப்ரெட் (கழுத்தில் விரல் அழுத்தும் கட்டம்) பேஸில் ஜி கம்பியின் கடைசி ஃப்ரெட்டை அழுத்தினாலும் அடிப்படை அதிர்வெண் 392 ஹெர்ட்ஸ்தான். அதாவது உங்கள் பேஸில் வாசிக்க முடிந்த எல்லா ஸ்வரத்தின் அடிப்படையும் அந்த 720-க்குக் கீழேதான் இருக்கிறது. மேல் ஹார்மோனிக்ஸ் மட்டும் துருத்திக்கொண்டு முன்னே வர, அடி பின்னால் போய்விடும், நீங்கள் கேட்டது வார்ம், கிடைத்தது மூக்கால் பாடுகிற டோன். டியூப் ஸ்க்ரீமர் பேஸுக்கு ஆகவே ஆகாது என்று நான் சொல்லவில்லை, பலர் அழகாகப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் சுத்தமான சிக்னலைப் பக்கத்திலேயே கலக்க ஒரு வழி இருக்க வேண்டும். பேஸுக்கென்றே செய்த பெடல்களில் இந்த பிளெண்ட் வசதி பெரும்பாலும் இருக்கும், டார்க்கிளாஸ் பி3கே-யில் பிளெண்ட் நாப், பாஸ் ஓடிபி-3-யில் பேலன்ஸ் நாப். தனியாக ஒரு பிளெண்டர் பெடல் வாங்கியும் செய்யலாம், ஆனால் சில டிரைவ் பெடல்கள் சிக்னலைத் தலைகீழாகத் திருப்பி அனுப்பும், அப்படி இருந்தால் இரண்டையும் சமமாகக் கலக்கும்போது கீழ்ப் பகுதி திடீரென்று ஒல்லியாகிவிடும். அந்தத் திருப்பலைச் சரி செய்யும் ஃபேஸ் ஸ்விட்ச் இருக்கும் பிளெண்டராகப் பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது, கெயினை அளவுக்கு மீறி ஏற்றுவது. கெயின் நாபைப் பூஜ்யத்தில் வைத்து, வழக்கமாக வாசிப்பதைவிடக் கொஞ்சம் அழுத்தி மீட்டிக்கொண்டே மெதுவாக ஏற்றுங்கள். அழுத்தி மீட்டும்போது மட்டும் லேசாக உறுமி, மெதுவாக மீட்டும்போது சுத்தமாக இருக்கும் ஒரு இடம் வரும், அதுதான் எல்லை, அங்கிருந்து ஒரு இழை பின்வாங்கினாலும் நல்லது. தனியாகக் கேட்கும்போது டிரைவ் பத்தவில்லை என்று தோன்றும், பரவாயில்லை, பாட்டுக்குள் போனதும் அந்த உறுமல் தனியாகத் தெரியாது, ஸ்வரம் தடிமனாகத்தான் தெரியும்.

மூன்றாவதை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் பணத்தை வீணாக்குவதே இதுதான். பெடலை ஆன் செய்தால் சத்தம் கூடுகிறது, சத்தம் கூடியதும் 'ஆஹா, டோன் நன்றாகிவிட்டது' என்று மனது சொல்லிவிடுகிறது. கடையில் இருபது நிமிடம் வாசித்து வாங்குகிறவர்கள் இதில்தான் விழுகிறார்கள். பெடல் ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும் ஒரே சத்தம் வருகிற மாதிரி லெவல் நாபை முதலில் சரி செய்யுங்கள், அதற்கப்புறம் மாற்றி மாற்றிக் கேளுங்கள். பாதிப் பெடல்களுக்கு அந்த மயக்கம் அங்கேயே கலைந்துவிடும்.

கம்ப்ரஸர், அதாவது அதிகச் சத்தத்தை அமுக்கிச் சமப்படுத்தும் பெடல், அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அட்டாக்கை (அமுக்கத் தொடங்க எடுக்கும் நேரத்தை) மிக வேகமாக வைத்தால் விரலின் தொடக்க ஒலியே செத்துவிடும், உருண்டையாக்குவது வேறு, கொல்வது வேறு. 20 முதல் 40 மில்லிசெகண்டில் தொடங்குங்கள், ரேஷியோ (அமுக்கும் விகிதம்) 3:1 அல்லது 4:1 போதும். ரிலீஸை (அமுக்கத்தைத் தளர்த்த எடுக்கும் நேரத்தை) மிகக் குறைவாக வைப்பதுதான் யாரும் கவனிக்காத தவறு: 41 ஹெர்ட்ஸில் ஒரு அலை முடிய ஏறக்குறைய 24 மில்லிசெகண்ட் ஆகும், ரிலீஸ் அதைவிட வேகமாக இருந்தால் கம்ப்ரஸர் ஒவ்வொரு அலைக்குள்ளும் ஏறி இறங்கி ஒரு கரகரப்பைச் சேர்க்கும். சில பேர் அதை டிரைவ் பெடலின் குறை என்று நினைத்து டிரைவை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஈக்யூவை டிரைவுக்கு முன்னால் வைப்பதா, பின்னால் வைப்பதா? முன்னால் வைத்தால் எந்தப் பகுதி அதிகம் டிஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதை அது தீர்மானிக்கும், பின்னால் வைத்தால் வந்த ஒலியில் எது வெளியே கேட்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும். வார்ம் டோனுக்குப் பின்னால் வைப்பதே எனக்குப் பிடிக்கும். முன்னால் வைத்து லோவை ஏற்றினால் கீழ்ப் பகுதிதான் முதலில் உடையும், அந்த உடைசல் கேட்க நன்றாக இருக்காது.

ஆம்ப் இல்லாமல் நேராக மிக்ஸருக்குப் போகிறவர்கள், அதாவது சர்ச்சிலும் மெல்லிசைக் கச்சேரிகளிலும் வாசிக்கிற பலர், இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். பேஸ் கேபினெட்டில் இருக்கும் 10 இன்ச் ஸ்பீக்கர் 4, 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே அவ்வளவாக ஒலிக்காது. டிரைவ் பெடலில் இருந்து வரும் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சலை அந்த ஸ்பீக்கரே வடிகட்டிவிடும். மிக்ஸரும் பிஏ-யும் (அரங்கின் ஒலிபெருக்கி அமைப்பு) அப்படி வடிகட்டாது, உள்ளதை எல்லாம் கூட்டத்துக்குக் கொடுத்துவிடும். எனவே டிரைவுக்குப் பின்னால் கேபினெட் சிமுலேட்டர் (ஸ்பீக்கர் பெட்டியின் ஒலியைப் போலச் செய்யும் கருவி) ஒன்று வேண்டும், இல்லையென்றால் ஈக்யூவில் மேல்ப் பக்கத்தை நன்றாக வெட்டியாவது அனுப்ப வேண்டும். டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் இந்த வேலைக்கென்றே 1990-களில் இருந்து இருக்கிறது, ஸ்பீக்கர் ஒலியின் சாயல் அதற்குள்ளேயே உண்டு. ஆனால் அதன் இயல்பான டோனில் மிட் குழிந்திருக்கும், முதல் மாடலில் மிட் நாபும் கிடையாது. பிளெண்டை முழுக்க ஏற்றி வைத்துவிட்டு 'என் பேஸ் பாட்டில் கேட்கவில்லை' என்று வருத்தப்படுகிறவர்கள் பிளெண்டைப் பாதிக்குக் கொண்டுவந்து பார்க்கலாம், உங்கள் பேஸின் சொந்த மிட் திரும்ப வந்துவிடும்.

பவர் சப்ளை விஷயம் டோனோடு சம்பந்தமில்லாதது மாதிரித் தெரியும், ஆனால் நேரடியாகவே சம்பந்தம் உண்டு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஈ கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் இருக்கும் ஜி 49 ஹெர்ட்ஸ். விலை குறைந்த ஒரே அடாப்டரில் இருந்து ஐந்தாறு பெடல்களுக்குச் சங்கிலியாக வயர் எடுத்து, அதனால் வருகிற ஹம்மை (மின்சார இரைச்சலை) ஈக்யூவில் வெட்டப் போனால், அந்த ஜி-யையும் சேர்த்துத்தான் வெட்டுவீர்கள். ஒவ்வொரு பெடலுக்கும் தனித்தனியாகப் பிரித்துக் கொடுக்கும் ஐசொலேட்டட் சப்ளை ஒன்று வாங்குவது, அடுத்த டிரைவ் பெடலைவிட அதிகமாக உங்கள் டோனுக்கு உதவும்.

இவ்வளவும் சொன்னாலும், பெடலுக்கு முன்னால் இருப்பதைச் சரி செய்யாமல் பெடல் வாங்குவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு என்பேன். அமெரிக்காவின் மோட்டவுன் ரெக்கார்ட் நிறுவனத்தின் பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸை நினைத்துப் பாருங்கள், வார்ம் டோன் என்றதும் பேஸ் வாசிப்பவர்கள் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவர்தான். 1962 ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ், தடித்த லா பெல்லா ஃப்ளாட்வவுண்ட் (வழவழப்பான மேற்பரப்புள்ள) கம்பிகள், பிரிட்ஜ் கவருக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம், வலது கையின் ஆள்காட்டி விரல் ஒன்று. அந்த நிறுவனம் இருந்த டெட்ராய்ட்டில் பெரும்பாலும் நேராக மிக்ஸிங் டெஸ்க்குக்கே போய்ப் பதிவானது, வழியில் பெடலே கிடையாது. புத்தம் புதிய ரவுண்ட்வவுண்ட் (சொரசொரப்பான, பளிச்சென்று ஒலிக்கும்) கம்பியை மாட்டி, பிரிட்ஜுக்குப் பக்கத்தில் பிக் வைத்து வாசித்துவிட்டு, அந்தப் பளபளப்பைப் பெடலால் அடக்கப் பார்ப்பது வீண் வேலை. கையைக் கழுத்துப் பக்கம் நகர்த்துங்கள், விரல் சதையால் மீட்டுங்கள், பேஸில் இருக்கும் டோன் நாபைப் பாதிக்கு இறக்குங்கள், பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிக்கு அடியில் செருகிப் பாருங்கள். இதற்குப் பிறகும் ஏதோ குறைகிறது என்றால் அப்போது அந்த லேசான டிரைவ் எடுத்ததுமே வேலை செய்யும்.

அப்புறம் மிக்ஸரில் ஒரு பட்டன். பல மிக்ஸர்களில் ஒவ்வொரு சேனலிலும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் லோ கட் பட்டன் இருக்கும், பாடகர் மைக்குக்காக வைத்தது. முந்தின நிகழ்ச்சியில் அந்தச் சேனலில் மைக் இருந்திருந்தால் அது அமுங்கியே கிடக்கும், நீங்கள் மேடையில் எவ்வளவு அழகாக டோன் அமைத்தாலும் ஈ, ஏ, டி மூன்று கம்பிகளின் அடியும் வெளியே போகாது. சவுண்ட் செக்கில் "அண்ணே, என் சேனல்ல லோ கட் ஆஃப்ல இருக்கான்னு ஒருதரம் பாருங்க" என்று கேட்டுவிடுங்கள். பெடலில் இருந்து வரும் அவுட்புட் மைக் லெவலா (பலவீனமான சிக்னல்), லைன் லெவலா (பலமான சிக்னல்) என்பதையும் அப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள், மைக் இன்புட்டில் லைன் லெவலைக் கொடுத்தால் மிக்ஸரே உடைந்து கத்தும், அந்தக் கரகரப்பை அவர் உங்கள் பெடல் என்று நினைத்து ஃபேடரை இறக்கிவிடுவார்.