மாதம் ஒரு நூல், ஆண்டுக்கு நான்கு: எழுதிக்கொண்டே சிறு பதிப்பகம் நடத்த

தமிழ்ப் பதிப்பாளரின் ஆண்டு சென்னைப் புத்தகக் காட்சியைச் சுற்றித்தான் ஓடுகிறது. பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கமான பபாசி நடத்தும் அந்தக் காட்சி பெரும்பாலும் பொங்கலை ஒட்டி வருவதால் டிசம்பரில் அச்சகங்களில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலில் கொடுக்கும் நூலுக்கு மெய்ப்பு (அச்சுக்கு முந்தைய பிழைதிருத்தம்) சரியாகப் பார்க்க முடியாது. பைண்டிங் பசை காயுமுன்னே கட்டிக் கொடுத்துவிடுவார்கள், வாசகர் விரித்ததும் பக்கம் கையோடு வரும். ஆகவே எல்லாக் கோப்பும் அக்டோபர் கடைசிக்குள் அச்சகம் போய்ச் சேர வேண்டும். ஜூலையிலிருந்து மாதம் ஒரு நூல் என்று பார்த்தால் தனி ஆளால் நான்கைத்தான் செம்மையாகச் செய்ய முடியும். பிப்ரவரி முதல் ஜூன் வரை புது நூல் வேலை எதுவும் வேண்டாம். அந்த ஐந்து மாதம் உங்கள் எழுத்துக்கு. ஐந்தாவது நூல் ஒன்றை ஒப்புக்கொண்டால் அதற்கான நேரம் உங்கள் நாவலிலிருந்துதான் போகும்.

இனி கணக்கு. டெமி 1/8 (வழக்கமான நாவல் அளவு), 160 பக்கம், 300 பிரதி. அச்சுச் செலவு பிரதிக்கு 65 ரூபாய், விலை 200 என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு 40 சதவீதக் கழிவு கொடுத்தால் 80 போயிற்று, நூலாசிரியருக்கு ராயல்டி 10 சதவீதம் என்றால் 20, அச்சு 65. மிச்சம் 35. தட்டச்சு, வடிவமைப்பு, அட்டை, மெய்ப்பு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். அதே பிரதியை நீங்களே 10 சதவீதம் தள்ளி விற்றால் 95 மிஞ்சும். முதல் 100 பிரதியை முன்பதிவிலேயே விற்கப் பாருங்கள். அச்சு நூல்களுக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஆனால் தாளுக்கும் அச்சுக்கும் கட்டிய வரியைத் திரும்பப் பெறவும் முடியாது, செலவிலேயே சேர்த்துவிடுங்கள். அரசு நூலகங்கள் வாங்கும் நூலக ஆணையை நம்பி 1000 அடிக்காதீர்கள். ஆணை வந்த பிறகு மறு அச்சு போட்டால் போதும். 300 பிரதிக்கு டிஜிட்டல் அச்சு சரி. 500-ஐத் தாண்டினால் ஆஃப்செட்டுக்கும் (தகடு செய்து அடிக்கும் முறை) விலை கேளுங்கள்.

ஆஃப்செட்டில் பக்கங்களைத் தொகுதி தொகுதியாக அடிப்பார்கள்; ஒரு தொகுதி, அதாவது ஒரு ஃபாரம், 16 பக்கம். நூல் 163 பக்கத்தில் முடிந்தால் 11 ஃபாரம் ஆகிவிடும், 13 பக்கம் வெறுமையாகக் கிடக்கும். இயல்களின் கடைசி வரிகளைக் கொஞ்சம் இறுக்கினால் 160-க்கு வந்துவிடும். உள்தாளுக்கு 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற கனம்) மேப்லித்தோ அல்லது நேச்சுரல் ஷேட், அட்டைக்கு 300 ஜிஎஸ்எம். தாளின் நார் முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்கே ஓடினால் நூல் விரியாமல் அடம்பிடிக்கும். முதுகின் அகலத்தைத் தாள் முடிவான பிறகு அச்சகத்திடம் கேட்டு வாங்கி அட்டையை முடியுங்கள். முன்பே முடித்துவிட்டால் முதுகில் இருக்க வேண்டிய தலைப்பு முன்னட்டைக்கு வழுக்கி வந்துவிடும்.

வடிவமைப்பில் அதிகம் சறுக்குவது யூனிகோடு. பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் ‘வேர்ல்டு-ரெடி’ கம்போஸர் என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காவிட்டால் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகி நிற்கும். யூனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பு என்றால் இன்னும் சூதானம் தேவை. ‘ஔ’ இருக்க வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் இருக்கும், துணைக்காலுக்குப் பதில் ‘ர’ இருக்கும்; திரையில் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் சொல் அகப்படாது. புள்ளி எழுத்து வரியின் தலையில் வந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். மெய்ப்பு மூன்று சுற்று. அதில் ஒன்றாவது தாளில், நூலாசிரியர் அல்லாத ஒருவரால்.

நண்பரின் நூலே ஆனாலும் ஒப்பந்தத்தை எழுதிவிடுங்கள். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, காலம் குறிக்காத ஒப்பந்தம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். மின்நூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையவழியில் கட்டணமின்றித் தருகிறது. நடுவில் காசு கேட்பவர்களிடம் போக வேண்டாம். அச்சுக்கு ஓர் எண், மின்நூலுக்கு வேறு எண். நூல் வெளிவந்த 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்பச் சொல்கிறது, பொது நூலகங்களுக்கு நூல் வழங்குவதற்கான 1954-ஆம் ஆண்டுச் சட்டம்.

எழுதும் மாதங்களிலும் ஆர்டர் வரத்தான் செய்யும். செவ்வாய், வெள்ளி இரண்டு நாள் மட்டும் பார்சல் என்று அறிவித்துவிடுங்கள். பதிப்பகத்துக்குத் தனி சிம் வாங்கி, காலை எழுதி முடித்த பிறகே அதை எடுங்கள். கைப்பிரதிகளை ஜூலையில் மட்டும் வாங்குங்கள், அடுத்த ஆண்டுப் பட்டியலுக்கு. முதலில் 20 பக்கம் கேட்டால் போதும்; அதிலேயே நடை தெரிந்துவிடும்.

சொந்த நூலைச் சொந்தப் பதிப்பகத்தில் போடலாமா? போடலாம், வெளியாள் ஒருவர் செம்மை செய்தால். இது வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். பேசிய ஊதியத்தை முன்பே கொடுத்துவிடுங்கள். ஓசியில் வாங்கினால் நட்புக்காகத் தலையாட்டிவிடுவார்.