ட்ராக்கர் போட்டு வீட்ல இருந்து வேலை பாக்குறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

போன வாரம் எங்க தெரு தம்பி ஒருத்தன் மாடிக்கு ஏறி வந்தான், மூஞ்சி செத்துப்போயி கெடக்கு. "அண்ணே, ஆக்டிவிட்டி 38 பர்சென்ட்தான் காட்டுது, தூக்கிடுவாங்களாண்ணே"ன்றான். வெளிநாட்டு கம்பெனிக்கு வீட்ல இருந்து வேலை, கம்ப்யூட்டர்ல நாம என்ன பண்றோம்னு கம்பெனிக்கு காட்டிக்கிட்டே இருக்குற ட்ராக்கர் சாஃப்ட்வேர் போட்டிருக்காங்க, சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆவுது. சோறு திங்கும்போது கூட எடது கையால மவுசை ஆட்டிக்கிட்டே திங்குறான்னு அவங்கம்மா ஏற்கனவே எங்க வீட்ல வந்து பொலம்பிட்டு போயிருக்காங்க. சிரிப்புதான் வந்துச்சு, ஆனா சிரிக்கல, ஏன்னா ஆறு வருஷத்துக்கு முன்னாடி இதே கடலூர் திருப்பாப்புலியூர்ல இதே மாடி ரூம்ல நானும் அந்த கேஸுதான்.

மொதல்ல அந்த பர்சென்ட் என்னன்னு தெரிஞ்சுக்காம பயப்படுறதே பெரிய தப்பு. ஹப்ஸ்டாஃப் மாதிரி ட்ராக்கர்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு கணக்கு, அதாவது 600 செகண்ட், அதுல எத்தனை செகண்ட்ல கீபோர்டோ மவுசோ அசைஞ்சுதோ அதுதான் பர்சென்ட். 240 செகண்ட்ல கை பட்டிருந்தா 40. அவ்ளோதான் விஷயம். நீங்க ஒரு பெரிய டாக்குமென்ட்டை உக்காந்து படிச்சாலும், கிளையன்ட் கூட அரை மணி நேரம் கால்ல பேசினாலும், ஒரு கோட்ல என்ன கோளாறுன்னு விட்டத்தை பாத்து யோசிச்சாலும் அதுக்கு எல்லாம் ஒண்ணுதான், கை அசையல, பர்சென்ட் கீழ. டைப் அடிக்கிற வேலைக்கு ஜாஸ்தி வரும், படிச்சு செக் பண்ற வேலைக்கு கம்மியா வரும். தம்பி பாக்குறது ஆடியோ கேட்டு சரி பாக்குற வேலை, அவனுக்கு 38 வந்தா அதுல அதிசயமே இல்ல. மேனேஜர்ட்ட "இந்த வேலைக்கு வழக்கமா எவ்ளோ வரும் சார்"னு ஒரு வரி கேட்டிருந்தா ரெண்டு மாசமா தூக்கம் கெட்டிருக்காது.

கேக்க பயந்துகிட்டு அடுத்து எல்லாரும் போறது ஜிக்லருக்கு, அதான் மவுஸை தானா ஆட்டுற டப்பா, ஆன்லைன்ல சீப்பா கெடைக்குது. தயவுசெஞ்சு வேணாம். 2024ல அமெரிக்காவுல வெல்ஸ் ஃபார்கோ பேங்க் கீபோர்டு அசையிற மாதிரி போலியா காட்டுனாங்கன்னு ஒரு டஜன் பேருக்கு மேல வீட்டுக்கு அனுப்புச்சு, நியூஸ்லயே வந்துச்சு. மாட்டுறது எப்படின்னா, பத்து நிமிஷமும் மவுஸ் ஒரே தாளத்துல ஓடுது, கீபோர்டு ஜீரோ, ஸ்க்ரீன்ஷாட் எல்லாம் அச்சு அசல் ஒரே படம், இதை கண்டுபிடிக்க பெரிய மூளை எதுவும் வேணாம். பர்சென்ட் கம்மின்னா ஒரு மெயில்ல முடிஞ்சிரும், பொய்னு ஆயிட்டா பேச்சுக்கே எடமில்ல.

கனடா கேஸ் ஒண்ணு இருக்கு, நான் புதுசா சேர்ற பசங்க எல்லாருக்கும் சொல்லுவேன். வீட்ல இருந்து வேலை பாத்த ஒரு அக்கவுன்டன்ட் அம்மாவை கம்பெனி நீக்கிருச்சு, என்னை அநியாயமா நீக்கிட்டாங்கன்னு அந்தம்மாதான் மொதல்ல கேஸ் போட்டாங்க. கம்பெனி ட்ராக்கர் ரெக்கார்டை எடுத்து முன்னால வெச்சது, டைம்ஷீட்ல எழுதுனதுக்கும் ட்ராக்கர்ல இருக்குறதுக்கும் 50 மணி நேரத்துக்கு மேல இடிக்குது. நான் பேப்பர்ல பிரின்ட் எடுத்து பாத்தேன்னாங்க, பிரின்ட் எடுத்தா அதுவும் அந்த ட்ராக்கர்ல பதிவாகும், அவ்ளோ பிரின்ட் போகவே இல்ல. 2023 ஜனவரியில தீர்ப்பு வந்துச்சு, கேஸ் போட்டவங்களே கம்பெனிக்கு 2,700 டாலருக்கு மேல திருப்பி கட்டணும்னு ஆயிருச்சு. பேப்பர்ல வேலை பாக்குறது தப்பில்ல, அதை அன்னிக்கே எங்கயாவது எழுதி வெக்காததுதான் தப்பு. நான் ஒரு நாப்பது பக்க நோட்டு வெச்சிருக்கேன், "11.20 - 11.45 கால்", "பேப்பர்ல கணக்கு சரி பாத்தது"ன்னு கிறுக்கி வெப்பேன், சாயந்தரம் அதையே ரெண்டு வரியா சாட்ல போட்டுருவேன்.

இப்ப ஸ்க்ரீன்ஷாட்டுக்கு வருவோம், இதுலதான் நான் நல்லா பட்டேன். அப்வொர்க்னு ஆன்லைன்ல ஃப்ரீலான்ஸ் வேலை புடிக்கிற சைட்டு, அதோட ட்ராக்கர்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு படம், எந்த நிமிஷத்துல எடுக்கும்னு சொல்ல முடியாது. ஒரு நாள் அப்பாவோட ஸ்கேன் ரிப்போர்ட் வாட்ஸ்அப்ல வந்துச்சு, வெப்ல தெறந்து பெருசு பண்ணி பாத்துகிட்டு இருக்கேன், கீழ மூலையில டிங்குன்னு சின்னதா ஒரு பெட்டி, படம் எடுத்தாச்சு. அப்பா பேரு, வயசு, வியாதி எல்லாம் அமெரிக்காவுல யாரோ ஒருத்தர் டேஷ்போர்டுல. அப்வொர்க்ல படத்தை நாமளே அழிக்கலாம், ஆனா அழிச்சா அந்த பத்து நிமிஷ காசும் சேர்ந்து போயிரும், போனா போவுதுன்னு அழிச்சேன். எல்லா ட்ராக்கர்லயும் இந்த வசதி தொழிலாளி கையில இருக்காது, முதலாளி செட்டிங்ஸ் வெச்ச மாதிரிதான். அன்னியில இருந்து லேப்டாப்ல வேலைக்குன்னு தனி யூசர் அக்கவுன்ட், அதுல வாட்ஸ்அப் கெடையாது, பேங்க் கெடையாது, நோட்டிஃபிகேஷன் மொத்தமும் ஆஃப், சொந்த வேலை எல்லாம் போன்ல. ரெண்டாவது மானிட்டர்ல தெறந்தா தெரியாதுன்னு நெனைக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்க, பல ட்ராக்கர் மாட்டியிருக்குற எல்லா ஸ்க்ரீனையும் சேர்த்துதான் எடுக்கும். கம்பெனி குடுத்த லேப்டாப்னா இன்னும் மோசம், படம் எடுக்குறப்ப டிங்குன்னு கூட சத்தம் வராம ஓடுற சாஃப்ட்வேர் இருக்கு, அதுல சொந்த மெயிலே தெறக்காதீங்க.

கரண்ட் கதை நம்ம ஊருக்குன்னே உள்ளது. மாசாந்திர பராமரிப்புன்னு காலையில 9 மணிக்கு எடுத்தான்னா சாயந்தரம்தான் வரும், அது பேப்பர்லயே முன்கூட்டி வந்துரும், அதை பாத்து முதல் நாளே கிளையன்டுக்கு சொல்லாம கரண்ட் போனப்புறம் போன்ல டைப் அடிச்சு மன்னிப்பு கேக்குறது சுத்த வேஸ்ட். லேப்டாப்ல பேட்டரி இருக்கும், ரவுட்டர்தான் படுத்துரும், அதுக்கு ஒரு 12 வோல்ட் மினி யுபிஎஸ் வாங்கி வெச்சுடுங்க. நெட் போச்சுன்னு பதறிப்போய் ட்ராக்கரை அன்இன்ஸ்டால் பண்ணி திருப்பி போடுறாங்க பாருங்க, அதை மட்டும் பண்ணாதீங்க, பெரும்பாலான ட்ராக்கர் நெட் இல்லாத நேரத்து கணக்கை கம்ப்யூட்டர்லயே வெச்சிருந்து நெட் வந்ததும் அனுப்பும், நீங்க அழிச்சா அதுவும் சேர்ந்து காலி. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையை கடந்தப்ப அங்க ரெட்டியார்பாளையத்துல இருக்குற என் மச்சான் முன்னாடி நாளே "சைக்ளோன், ரெண்டு மூணு நாள் ஆன்லைன் வர முடியாது"ன்னு மெசேஜ் போட்டுட்டான், ஒரு பிரச்சனையும் இல்ல. நான் ஓவர் கான்ஃபிடன்ஸ்ல சொல்லாம விட்டேன், அதுக்கப்புறம் தென்பெண்ணையில வேற வெள்ளம் வந்து கடலூரே அல்லாடுச்சு, நாலு நாள் கழிச்சு லாகின் பண்ணா "உயிரோட இருக்கியா"ன்னு கிளையன்ட் ஒம்போது மெசேஜ்.

ஐடில் பாப்அப் வரும், "இத்தனை நிமிஷமா அசையல, இந்த நேரத்தை வெச்சுக்கவா விடவா"ன்னு கேக்கும். அம்மா கூப்பிட்டு மோட்டார் போட போனது, கொரியர் வாங்க போனதுக்கெல்லாம் வெச்சுக்கோன்னு அமுக்காதீங்க, பின்னாடி மொத்தமா பாத்தா அசிங்கமா தெரியும். கையால சேர்க்குற நேரமும் அப்படித்தான், அப்வொர்க்ல அந்த மாதிரி சேர்த்த மணிக்கு பேமென்ட் பாதுகாப்பு கெடையாது, கிளையன்ட் கை விரிச்சா விரிச்சதுதான். வாரக் கணக்கு வேற யூடிசி, அதாவது உலகப் பொது நேரப்படி முடியுது, நமக்கு அது திங்கக்கிழமை காலையில 5.30, ஞாயித்துக்கிழமை ராத்திரியோட முடிஞ்சுதுன்னு நெனைச்சு ஏமாந்தவங்க உண்டு.

சட்டம் பத்தி ஒரு வார்த்தை. நெதர்லாந்துல நாள் பூரா வெப்கேம் ஆன்ல வெக்கமாட்டேன்னு சொன்னவரை அமெரிக்க கம்பெனி ஒண்ணு நீக்குச்சு, 2022ல கோர்ட் அவருக்கு ஏறக்குறைய 75,000 யூரோ குடுக்க சொல்லுச்சு. அந்த செய்தியை வாட்ஸ்அப்ல பாத்துட்டு இங்க மேனேஜர்ட்ட சண்டைக்கு போகாதீங்க, அது ஐரோப்பா. நம்ம ஊர்ல 2023ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவு பாதுகாப்பு சட்டத்துல வேலை சம்பந்தமான காரியத்துக்கு முதலாளி நம்ம தகவலை கையாளலாம்னு தனியாவே ஒரு வழி விட்டிருக்காங்க. அதனால சேரும்போதே மெயில்ல கேட்டு வாங்கிக்குங்க, படம் எடுப்பீங்களா, கேமரா உண்டா, எத்தனை நாள் வெச்சிருப்பீங்க, யாரெல்லாம் பாப்பாங்கன்னு. ஆஃபர் லெட்டரோட வர்ற அந்த பாலிசி பிடிஎஃப்பை தெறந்து கூட பாக்காம சைன் போடுறோம் பாருங்க, நானும் அந்த ஆளுதான்.

தம்பி அன்னிக்கு என் மாடியிலயே உக்காந்து மேனேஜருக்கு மெசேஜ் அடிச்சான், அனுப்ப மட்டும் கால் மணி நேரம் யோசிச்சான். ராத்திரி ஒம்போது மணிக்கு பதில் வந்துச்சாம், ஆடியோ டீம்ல 30ல இருந்து 45 வரைக்கும் சகஜம், ஃபைல் கரெக்டா வருதான்னு மட்டும் பாருன்னு. இப்ப ரெண்டு கையையும் விட்டுட்டு சாப்புடுறானாம், அவங்கம்மா சொன்னாங்க.