பெரியவர்களோடு ஒரு நாள் ரயில் பயணம்: சேலத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

மலேசியா, சிங்கப்பூர், வளைகுடா என்று பல வருடம் இருந்துவிட்டுச் சேலத்தில் வந்து குடியேறுபவர்கள் கேட்கும் கேள்வி இது: "அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற மாதிரி ரயிலில் எங்கே போகலாம்?" மனதில் ஏற்காடு இருக்கும். ஆனால் மலைக்கு ரயில் கிடையாது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்று ஒன்று ஓடுகிறதே என்று டிக்கெட் போட்டுவிடாதீர்கள். அது சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ராத்திரியில் ஓடும் வண்டி. மலைக்கு 20 கொண்டை ஊசி வளைவுகளைப் பஸ்ஸிலோ காரிலோதான் ஏற வேண்டும். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் பயணத்துக்கு நான் ஈரோட்டைத்தான் சொல்வேன். சுமார் 60 கிலோமீட்டர், ஒரு மணி நேரம். சென்னை - கோவை பாதை என்பதால் நாள் முழுக்க வண்டி உண்டு, ஒன்றை விட்டாலும் தவிக்க வேண்டாம். அதனால் போகிற டிக்கெட்டை மட்டும் ரிசர்வ் செய்யுங்கள், செகண்ட் சிட்டிங்கோ (ஏசி இல்லாத உட்காரும் இருக்கை) ஏசி சேர் காரோ. திரும்புவதற்கு முன்கூட்டியே போட வேண்டாம். வயதானவர்கள் சில நாள் மதியச் சாப்பாட்டோடு சோர்ந்துவிடுவார்கள். சில நாள் ஈரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள பவானி கூடுதுறையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. கையில் நாலரை மணி டிக்கெட் இருந்தால் இரண்டுமே தொந்தரவுதான்.

திரும்பும்போது கவுண்டரில் கரண்ட் புக்கிங் கேளுங்கள். சார்ட் (பயணிகள் பட்டியல்) போட்ட பிறகு காலியாக இருக்கும் இடங்களை அப்படிக் கொடுப்பார்கள். இல்லையென்றால் முன்பதிவில்லாத டிக்கெட். 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட தூரத்துக்கு அதை எடுத்தால் பொதுவாக 3 மணி நேரத்துக்குள் பயணத்தைத் தொடங்கிவிட வேண்டும், ஆகவே காலையிலேயே வாங்கி வைக்காதீர்கள். பாசஞ்சர் டிக்கெட்டோடு எக்ஸ்பிரஸில் ஏறக் கூடாது. வந்தே பாரத்தில் முன்பதிவில்லாத பெட்டியே கிடையாது. சாயங்காலம் ஜெனரல் பெட்டி நிரம்பி வழிந்தால் வீம்பு வேண்டாம், பேசாமல் சேலம் பஸ்ஸைப் பிடியுங்கள்.

தட்கல் என்கிற கடைசி நேர முன்பதிவையும் நம்பாதீர்கள். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைனில் தட்கல் போட ஆதார் சரிபார்த்த கணக்கு வேண்டும். புதிதாக வந்தவர்கள் பலரிடம் அது இருக்காது. முதியோர் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டார்கள், முழுக் கட்டணம் என்றே கணக்குப் போடுங்கள்.

அப்புறம், சேலத்தில் ஜங்ஷன், டவுன், மார்க்கெட் என்று மூன்று நிலையங்கள். ஈரோட்டு வண்டிக்குச் சூரமங்கலத்தில் உள்ள ஜங்ஷனுக்குத்தான் போக வேண்டும். ஆட்டோக்காரரிடம் வெறுமனே ஸ்டேஷன் என்று சொல்லாமல் ஜங்ஷன் என்றே சொல்லுங்கள்.

வண்டி போகும் திசையைப் பார்த்து வலப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். காலையில் போகும்போதும் சரி, சாயங்காலம் திரும்பும்போதும் சரி, அந்தப் பக்கம்தான் வெயில் குறைவு. ஈரோட்டுக்குச் சற்று முன்னால் காவிரிப் பாலம் வரும். ஆற்றைப் பார்த்து முடித்ததும் பையை எடுத்துக்கொண்டு மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தால் அவசரம் இருக்காது. இறங்கும்போது நீங்கள் முன்னால் இறங்கி, திரும்பி நின்று கை கொடுங்கள். அம்மா ஒரு கையால் கம்பியைப் பிடித்தபடி இறங்கட்டும். பின்னால் வரும் கூட்டம் கத்தினால் கத்தட்டும்.

ஈரோட்டில் ஜவுளி பார்க்கும் ஆசை இருந்தால் திங்கள் ராத்திரியும் செவ்வாயும் கூடும் சந்தை நாளைத் தவிருங்கள். மொத்த வியாபாரிகள் நடுவில் பெரியவர்களால் நிற்க முடியாது.

அடுத்த முறைக்கு நாமக்கல். அது வழியாகப் போகும் சேலம் - கரூர் பாதை 2013-இல்தான் திறந்தது. வண்டிகள் குறைவு, ரயிலில் போய்ப் பஸ்ஸில் திரும்புவதுதான் வசதி. 18 அடி ஆஞ்சநேயர் மேற்கூரை இல்லாமல் வெட்ட வெளியில் நிற்கிறார், நரசிம்மர் கோயிலும் பக்கத்திலேயே. கோட்டைக்குப் பாறையில் ஏற வேண்டும். அப்பா ஆசைப்பட்டாலும் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். காலை ரயிலில் போனால் வெயில் ஏறுவதற்குள் தரிசனம் முடிந்துவிடும், சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடலாம்.