கெண்டைக்கால் இறுக்கம்: எந்தத் தசை என்று கண்டுபிடிப்பது எப்படி?

கெண்டைக்காலில் முக்கியமாக இரண்டு தசைகள். மேலாக இருக்கும் காஸ்ட்ரோக்னீமியஸ் தொடை எலும்பின் அடிமுனையில் தொடங்கி, முழங்கால், கணுக்கால் இரண்டையும் தாண்டிப் போகிறது. அதற்கு அடியில் உள்ள சோலியஸ் முழங்காலுக்குக் கீழேதான் தொடங்குகிறது. இரண்டும் அக்கிலிஸ் தசைநாணாகச் சேர்ந்து குதிகால் எலும்பில் முடிகின்றன. முட்டியை மடக்கினால் காஸ்ட்ரோக்னீமியஸ் தளரும், சோலியஸ் அப்படியே இருக்கும். ஸ்வீடன் எலும்பு மருத்துவர் சில்வர்ஷோல்ட் பெயரில் வழங்கும் சோதனைக்கு இதுதான் அடிப்படை.

துணைக்கு ஒருவர் வேண்டும். கோணம் பார்க்க போனில் உள்ள லெவல் ஆப் போதும். பிளாஸ்டிக் கோணமானியை விட எனக்கு இதுவே பிடிக்கும், ஒரு கை மிச்சம்.

1. கட்டிலில் மல்லாந்து படுத்து, முட்டியை நேராக நீட்டி, பாதம் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும்.

2. துணைக்கு இருப்பவர் ஒரு கையால் குதிகாலைப் பிடித்து, மறு கையால் பாதத்தின் முன்பகுதியை முகத்தை நோக்கித் தள்ள வேண்டும். பெரும்பாலும் தப்பு நடப்பது இங்கேதான். தள்ளும்போது பாதம் வெளிப்பக்கம் சாய்ந்து, உள்வளைவு தட்டையாகிவிடும். கணுக்கால் மடங்காமல் நடுப்பாதம் மடங்கும். கோணம் மட்டும் நன்றாகக் காட்டும், இறுகிய தசை தப்பிவிடும். அதனால் உள்ளங்கால் எதிர்க்காலைப் பார்க்கும்படி லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, பிறகு தள்ளுங்கள். போனைப் பாதத்தின் வெளி ஓரத்தில் நெடுக்காக வைத்து அளவெடுங்கள்.

3. இப்போது தரையில் படுத்து, கெண்டைக்காலை நாற்காலி மேல் வையுங்கள். இடுப்பும் முட்டியும் 90 டிகிரி மடங்கி, கீழ்க்கால் மறுபடி கிடைமட்டமாகிவிடும். போன் காட்டும் அளவை நேரடியாக ஒப்பிடலாம். அதே பிடி, அதே அழுத்தம்.

முட்டி மடங்கியதும் எல்லோருக்கும் சில டிகிரி கூடும். நேராக இருக்கும்போது பாதம் செங்கோணத்தைத் தாண்டவே சிரமப்பட்டு, மடக்கியதும் 10 டிகிரிக்கு மேல் கூடினால் காஸ்ட்ரோக்னீமியஸ் இறுக்கம். முட்டியை நேராக வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் ஸ்ட்ரெச் செய்யுங்கள்: 30 விநாடி, 3 முறை. முட்டி கொஞ்சம் மடங்கினாலும் இழுவை சோலியஸுக்குப் போய்விடும். இரண்டு நிலையிலும் ஒரே அளவு குறைவென்றால் சோலியஸ், தசைநாண் அல்லது மூட்டு. கணுக்காலின் முன்பக்கம் இடித்தால் அது மூட்டுச் சிக்கல். ஸ்ட்ரெச் உதவாது, பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

பின்சேர்க்கை: காலை நீட்டி உட்கார்ந்தபடி செய்யலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். தொடையின் பின்தசையும் சயாட்டிக் நரம்பும் சேர்ந்து இழுக்கும், எது எங்கே இழுக்கிறது என்று பிரிக்க முடியாது. ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருந்தால் சோதனையே வேண்டாம். ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள்.