கத்தி படாமல் முட்டிவலியை ஆற்றுவது எப்படி? மாடி வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்முறை

மியான்மரின் ரங்கூன் நகரத்தின் நடுவே, மொகல் தெருவிலும் அதைச் சுற்றிய சந்துகளிலும் நம்மவர்கள் குடியிருக்கும் கட்டடங்கள் பெரும்பாலும் ஐந்து, ஆறு மாடி உயரம். லிஃப்ட் கிடையாது. படிகள் குறுகலாக, செங்குத்தாக ஏறும். பால்கனியிலிருந்து தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். நுனியில் கிளிப்போ பையோ இருக்கும். பேப்பரையும் காய்கறியையும் அதில் மாட்டி மேலே இழுத்துக்கொள்வார்கள். வீடு வீடாகப் போய் பிசியோதெரபி பார்ப்பது என் வேலை. நாள் முழுக்கக் கயிறு ஏறி இறங்கும் வீட்டைப் பார்த்தால், மேலே யாருக்கோ முட்டி வலி என்று மனசு சொல்லும்.

அப்படி ஓர் ஐந்தாம் மாடி வீட்டில் இருந்தார் ஒரு பெரியம்மா. வயது 66. எட்டு மாதமாகத் தெருவில் இறங்கவில்லை. எக்ஸ்ரேயில் "தேய்மானம்" என்று வந்ததும், நடந்தால் இன்னும் தேய்ந்துவிடும் என்று பயந்து உட்கார்ந்துவிட்டார். அவர் தொடையில் கை வைத்துப் பார்த்தேன். முட்டிச்சில்லுக்கு மேலே கெட்டியாக இருக்க வேண்டிய சதை, ஊறின துணி மாதிரி தொளதொளவென்று கிடந்தது. வலது தொடை இடதைவிட மெலிந்தும் இருந்தது. முட்டியைக் காப்பாற்ற நினைத்து, அதைத் தாங்கும் சதையைக் கரைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை. ஓய்வெடு என்றுதான் எல்லாரும் சொல்லியிருந்தார்கள்.

மூட்டுக்குள் எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. அதற்கு வேண்டிய சத்து மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரிலிருந்துதான் வர வேண்டும். காலை ஊன்றும்போது குருத்தெலும்பு அமுங்கி நீரை வெளியே விடும், எடுக்கும்போது உப்பி உறிஞ்சும். நடக்காத முட்டி பட்டினி கிடக்கும் முட்டி. அதனால் நான் கீழே சொல்லும் எல்லாமே அளவு தெரிந்து அசைப்பதைப் பற்றியதுதான்.

தொடங்கும் முன்: யார் வீட்டில் செய்யக் கூடாது

இதை மட்டும் அவசரமாகப் படிக்காதீர்கள். மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கி, கூடவே காய்ச்சலும் இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியவில்லை என்றாலும் அப்படித்தான். முதுகுவலியோடு சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, இரண்டு தொடைக்கும் நடுவே மரத்துப் போனாலோ ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிப்பது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அதைத் தேய்த்துவிடாதீர்கள். இடது தோளும் கையும் வலித்து, வியர்த்து, மூச்சு வாங்கினால் அதை வாய்வுப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காதீர்கள், இதயமாக இருக்கலாம். காரணமில்லாமல் எடை குறைவதும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும் வலி விடாமல் தொடர்வதும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

இவை எதுவும் இல்லையென்றால் மேலே போகலாம்.

முதல் படி: எண்ணிப் பாருங்கள்

கை வைக்காத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள். 30 நொடியில் எத்தனை தடவை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது? பக்கத்தில் ஒருவர் நின்று எண்ணட்டும். 60 முதல் 64 வயது வரை பெண்களுக்கு 12-க்கும், ஆண்களுக்கு 14-க்கும் கீழே வந்தால் கால் பலம் குறைவு என்று அர்த்தம். 70 முதல் 79 வயது வரை பெண்களுக்கு 10, 65 முதல் 74 வயது வரை ஆண்களுக்கு 12. காலண்டரில் தேதியோடு எழுதி வையுங்கள். பெரியம்மாவுக்கு அன்றைக்கு 5. அதுவும் ஐந்தாவது தடவை கையை ஊன்றித்தான் எழுந்தார்.

வலி நாளுக்கு நாள் மாறும், மனசும் அதோடு மாறும். இந்த எண் பொய் சொல்லாது.

இரண்டாம் படி: வலியைத் தணிப்பது

புதிதாகச் சுளுக்கி வீங்கியிருந்தால் ஐஸ். துணியில் சுற்றி 15 நிமிஷம், தோலில் நேராக வைக்க வேண்டாம். கரண்ட் போய் ஃபிரிட்ஜ் ஓடாத நாளில் பானைத் தண்ணீரில் நனைத்த துண்டை மாற்றி மாற்றிப் போட்டாலே போதும். காலையில் எழுந்ததும் வரும் இறுக்கத்துக்கும், நாள்பட்ட சதைப்பிடிப்புக்கும் வெந்நீர் ஒத்தடம் இதமாக இருக்கும். சர்க்கரை வியாதியால் காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டைக் கையால் சோதித்த பிறகே வையுங்கள்.

தைலம் பற்றி ஒரு வார்த்தை. உலகமெல்லாம் போகும் டைகர் பாம் நம் ரங்கூனில் பிறந்தது. 1870-களில் இங்கே மருந்துக்கடை வைத்த ஓ சூ கின் என்ற சீன வைத்தியரின் பிள்ளைகள்தான் அதைப் பெரிதாக்கினார்கள். மூத்தவர் சிங்கப்பூர் போனது பிறகுதான். கற்பூரமும் மென்தாலும் தோலில் குளிர்ச்சியும் எரிச்சலும் உண்டாக்கி, உள்ளே இருக்கும் வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கின்றன. தேய்மானத்தை அவை தொடுவதில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தைப் பயிற்சி செய்யப் பயன்படுத்தினால் தைலத்துக்குப் பலன் உண்டு. தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை மட்டும் வைக்காதீர்கள், தோல் வெந்துபோகும்.

முட்டிக்கு மாத்திரையை விட முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல் பூசிப் பார்ப்பது நல்லது, வயிற்றைக் கெடுப்பது குறைவு. பட்டாணி அளவு தடவிவிட்டுப் பலனில்லை என்பார்கள். ஒரு சதவீத ஜெல் என்றால் ஒரு முட்டிக்கு ஒரு வேளைக்கு 4 கிராம் வரை வேண்டும். பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டைத் தாண்டவே கூடாது. வயதானவர்களும் லிவர் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்டு அதைவிடக் குறைவாகத்தான் எடுக்க வேண்டும்.

இனி நான் கெஞ்சிக் கேட்பது ஒன்று. பல நிற மாத்திரைகளைக் கலந்து, பேர் எழுதாத சின்னப் பாக்கெட்டில் போட்டுக் கடையில் கொடுப்பார்கள். ஒரே நாளில் வலி பறந்துவிடும். அப்படிப் பறந்தால் உள்ளே ஸ்டீராய்டு இருக்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். மாசக்கணக்கில் சாப்பிட்டால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலம் இழக்கும். கூடவே இருக்கும் வலிமாத்திரை வயிற்றில் புண்ணும் கிட்னியில் கோளாறும் உண்டாக்கும். பெரியம்மாவின் தலைமாட்டு டப்பாவில் அப்படிப் பதினாறு பாக்கெட் இருந்தது. ஆனால் ரொம்ப நாளாகச் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, உடம்பு தாங்காது. பாக்கெட்டோடு டாக்டரிடம் போய், படிப்படியாகக் குறைக்க வழி கேளுங்கள்.

மூன்றாம் படி: முட்டிக்கு நான்கு பயிற்சி

*துண்டு அமுக்குவது.* தரையிலோ கட்டிலிலோ காலை நீட்டி உட்காருங்கள். ஒரு துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வையுங்கள். முட்டியால் துண்டைக் கீழே நசுக்குங்கள். தொடைச் சதை இறுகி, முட்டிச்சில்லு லேசாக இடுப்புப் பக்கம் நகரும். உங்கள் விரலை வைத்தே அதைப் பார்க்கலாம். ஐந்து நொடி பிடித்துவிட்டு விடுங்கள். பத்துத் தடவை. மூச்சை அடக்காதீர்கள், ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாகப் போகும்.

*கால் தூக்குவது.* மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி ஊன்றுங்கள். மற்ற காலை நேராக நீட்டி, முட்டி மடங்காமல் ஓர் அடி உயரம் தூக்கி, ஐந்து நொடி நிறுத்தி, மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போட்டால் பாதிப் பலன் போய்விடும். இதுவும் பத்து.

முதல் இரண்டு வாரம் இந்த இரண்டு மட்டும், தினமும். நல்ல காலுக்கும் சேர்த்துச் செய்யுங்கள்.

*உட்கார்ந்து எழுவது.* மூன்றாம் வாரத்திலிருந்து. முதல் படியில் அளந்த அதே நாற்காலி. உயரம் போதாவிட்டால் ஒரு தலையணை போட்டுக்கொள்ளுங்கள். பாதம் முட்டிக்குக் கொஞ்சம் பின்னால் இருக்கட்டும், மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் வரை முன்னால் சாய்ந்து, பிறகு எழுங்கள். உட்காரும்போது மூன்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். அந்த இறக்கத்திலும் சதைக்குப் பலம் ஏறும். ஐந்தில் தொடங்கிப் பத்துக்குப் போங்கள். பத்து சுலபமானதும் தலையணையை எடுத்துவிடுங்கள்.

*குதிகால் உயர்த்துவது.* ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்று, குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பத்து.

எவ்வளவு வலி தாங்கலாம் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். வலியே இல்லாததைப் பூஜ்யம், தாங்கவே முடியாததைப் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியின்போது நான்கு வரை போனால் பயமில்லை. மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், நிறுத்திவிடாதீர்கள். பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும். இரண்டாம் வாரத்தில்தான் நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள், அந்த வாரத்தைத் தாண்டுங்கள்.

நான்காம் படி: படி, ஸ்டூல், வாளி

ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைப்பிடி இருந்தால் பிடியுங்கள். ஊன்றுகோல் வைத்திருந்தால் வலிக்கிற காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பாதிப் பேர் மாற்றிப் பிடித்து இன்னும் நொண்டுகிறார்கள்.

டீக்கடையில் முழங்கால் உயரம்கூட இல்லாத பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து எழுவது முட்டிக்குப் பெரிய பாரம். இரண்டு ஸ்டூலை ஒன்றின் மேல் ஒன்றாகப் போடச் சொல்லுங்கள், கடைப் பையன்கள் சிரித்த முகமாகப் போட்டுத் தருவார்கள். கெட்டிப்பால் டீயையும் ஒரு வேளைக்குக் குறையுங்கள். உடம்பில் ஒரு கிலோ இறங்கினால், நடக்கும் ஒவ்வோர் அடிக்கும் முட்டியின் மேல் விழும் பாரம் நான்கு கிலோ குறையும்.

கரண்ட் இல்லாமல் மோட்டார் ஓடாத நாளில் தண்ணீர் தூக்கித்தான் ஆக வேண்டும். ஒரு கையில் முழு வாளி வேண்டாம், இரண்டு கையிலும் அரை வாளி. மாடித் திருப்பத்தில் கீழே வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள்.

முதுகு, தோள், குதிகால்

முதுகு பிடித்தால் இரண்டு நாளுக்கு மேல் படுக்காதீர்கள். பெரும்பாலான முதுகுவலி சில வாரத்தில் தானே அடங்கும். ஒவ்வொரு முட்டியாக மார்புக்கு இழுத்துப் பிடிப்பது, முட்டியை மடக்கிப் படுத்து இடுப்பைத் தூக்கி இறக்குவது, பத்துப் பத்து நிமிஷமாக நடப்பது, இவை போதும். எம்.ஆர்.ஐ. தாளில் "டிஸ்க் தேய்ந்திருக்கிறது" என்று பார்த்துக் கலங்காதீர்கள். 2015-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்பில், முதுகுவலியே இல்லாதவர்களில் 20 வயதில் நூற்றுக்கு 37 பேருக்கும் 50 வயதில் 80 பேருக்கும் அந்தத் தேய்மானம் இருந்தது. நரை மாதிரி அதுவும் வயதோடு வருவது.

தோள் இறுகி, ரவிக்கை கொக்கி போடக் கை பின்னால் போகவில்லையா? முதலில் சர்க்கரை அளவைப் பாருங்கள், சர்க்கரைக்காரர்களுக்குத்தான் இது அதிகம். மேஜையில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, வலிக்கிற கையைத் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டுங்கள். பிறகு சுவரில் விரலால் ஏறுங்கள், எட்டின இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. இது மாசக்கணக்கில் ஆகும், சில பேருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் போகும்.

காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் குத்தினால், கட்டிலை விட்டு இறங்கும் முன்பே கால்விரல்களைப் பிடித்து உங்கள் பக்கமாக வளைத்துப் பத்து நொடி வைத்திருங்கள். பத்துத் தடவை. அப்புறம் இறங்குங்கள்.

ஆபரேஷன் வேண்டும் என்று சொன்னால்?

எந்த ஆபரேஷன் என்று கேளுங்கள். தேய்ந்த முட்டிக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்வதை அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரத்தில் 180 பேரை வைத்துச் சோதித்து 2002-ல் வெளியிட்டார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டு, ஆபரேஷன் நடந்ததா இல்லையா என்று சொல்லவில்லை. இரண்டு வருஷம் கழித்தும் இரு சாராருக்கும் வலியில் வித்தியாசம் இல்லை. மூட்டு மாற்று வேறு விஷயம். மாசக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும், எடை குறைத்தும், ராத்திரி தூங்க முடியாதவர்களுக்கும் கால் வளைந்துபோனவர்களுக்கும் அது நல்ல வழி. அப்போதுகூட முன்னாலேயே தொடைச் சதையைப் பலப்படுத்தினவர்கள் எழுந்து நடப்பது சுலபமாக இருக்கும் என்பது என் அனுபவம்.

பெரியம்மாவின் காலண்டரில் ஆறாம் வாரம் 8 என்று எழுதியிருக்கிறது, பன்னிரண்டாம் வாரம் 11. எக்ஸ்ரே எடுத்தால் தேய்மானம் அப்படியேதான் இருக்கும். போன வெள்ளிக்கிழமை காளி கோயிலுக்கு நடந்தே போய், தூணைப் பிடித்துத் தரையில் உட்கார்ந்து, தூணைப் பிடிக்காமல் எழுந்தார். கயிற்றில் இப்போது பேப்பர் மட்டும்தான் மேலே வருகிறது. காய்கறிக்கு அவரே இறங்கிப் போகிறார்.